கணப்பில் விறகு சீறுகிறது, புகை அறைக்குள் வருகிறது

விறகு பச்சை, அதுதான் காரணம். ஊட்டி வீடு, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), வெட்டி இரண்டு மாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மூடுபனியில் பிளந்து அடுக்கினாலும் காய ஒரு வருஷமாவது வேண்டும்; உருட்டுக்கட்டையாகக் கிடந்தால் இன்னும் கூடுதல். முனையில் நுரை தள்ளிச் சீறுவது உள்ளே இருக்கும் நீர். சூடு அதை ஆவியாக்கவே செலவாகிறது, புகைபோக்கி சூடேறாமல் புகையை மேலே இழுக்கும் இழுவை வருவதில்லை.

ஒரு கட்டையை நடுவில் பிளந்து, புதுமுகத்தில் ஈரமானியைக் குத்திப் பாருங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெளிப்பக்கம் குத்தினால் பொய்க்கணக்குதான் வரும். மானி இல்லையென்றால் கட்டையை நிறுத்து எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்தும் எடை குறைந்தால் காயவில்லை.

இப்போதைக்கு நன்றாகக் காய்ந்த சீகை (வாட்டில் மரம்) சிராய் வாங்கி எரியுங்கள். பற்றவைக்குமுன் செய்தித்தாள் ஒன்றைக் கொளுத்தி புகைபோக்கி வாயருகே அரை நிமிஷம் பிடியுங்கள்.

காய்ந்த விறகிலும் புகைந்தால் குழாயில் பறவைக் கூடோ, புகை படிந்து உறைந்த தாரோ அடைத்திருக்கும். தார் தீப்பிடிக்கும், துடைக்காமல் எரிக்காதீர்கள். கங்கு இருக்கும்போது ஜன்னலை முழுக்க மூடித் தூங்கவும் வேண்டாம், கங்கு விடும் விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.