கென்யாவுல சின்ன என்ஜிஓக்களுக்கு கம்ப்யூட்டர் ட்ரெய்னிங் குடுக்க தன்னார்வலரா ஆறு மாசம் போறேன். அனுபவம் இருக்கறவங்க, என்ன தயார் பண்ணிக்கணும்னு சொல்லுங்களேன்?

நான் நைரோபில நாலு வருஷம் சாஃப்ட்வேர் வேலைல இருந்தேன், லீவு கெடைக்கறப்பல்லாம் கிசுமு பக்கம் போய் மகளிர் குழு, இளைஞர் மன்றம், நோயாளிகளுக்கு உதவுற சின்ன அமைப்புன்னு ஒரு பதினஞ்சு இருபது வொர்க்ஷாப் எடுத்திருப்பேன். அதனால எனக்குத் தெரிஞ்ச கென்யாவ மட்டும் சொல்றேன், ஆப்பிரிக்கா 54 நாடு.

முதல் விஷயம், ஸ்லைடு பண்ணாதீங்க. நான் முதல் தடவ அறுபது ஸ்லைடோட போனேன். அதுக்கும் முன்னாடியே ஒரு கூத்து, கூட வேலை பாத்த பையன் "சா டாடு"க்கு க்ளாஸ்னு சொன்னான், டாடுன்னா மூணுன்னு எனக்குத் தெரியுமே, சரி மூணு மணின்னு மதியம் சாப்டுட்டு நிதானமா போனா இருபத்தஞ்சு பேரும் காலைல ஒம்போதுல இருந்து உக்காந்திருக்காங்க. ஸ்வாஹிலில மணிக்கணக்கு விடியல்ல இருந்து ஆரம்பிக்கும், காலைல ஏழு மணிதான் அவங்களுக்கு ஒண்ணு, அப்படிப் பாத்தா மூணுன்னா ஒம்போது. இத ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா, பின்னாடி இதே குழப்பம் டேட்டாவுலயும் வந்துச்சு, க்ளினிக்குக்கு எத்தன மணிக்குப் போனீங்கன்னு ஃபார்ம்ல கேட்டா பாதி பேர் 3ன்னு போட்டாங்க, பாதி பேர் 9ன்னு போட்டாங்க, ரெண்டும் ஒரே நேரம்!

ப்ரொஜெக்டர் போட்ட பத்தாவது நிமிஷம் கரண்ட் போச்சு. சரி போன்லயே பண்ணலாம், எல்லாரும் ஆப் டவுன்லோட் பண்ணுங்கன்னு சொன்னேன், அது இன்னும் பெரிய தப்பு. பாதி பேர்கிட்ட டெக்னோ, ஐடெல் மாதிரி சின்ன போன், மெமரி ஃபுல், பேரன் பேத்தி போட்டோவ அழிச்சாத்தான் எடம் கெடைக்கும். கூகுள் பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது, ஏன்னா போன் வாங்குன கடைக்காரப் பையன் தான் அக்கவுண்ட் போட்டுக் குடுத்தவன். டேட்டா பேக்க அவங்க ஒரு நாளைக்கு இவ்ளோன்னு எண்ணி வாங்குறாங்க, அதுல நான் போய் ஆப் இறக்கச் சொன்னா? அதுக்கப்புறம் எப்பவும் இன்ஸ்டால் பண்ற ஃபைல மெமரி கார்டுல போட்டு கையோட எடுத்துட்டுப் போயிடுவேன், ஒவ்வொரு போனுக்கா மாத்தி விட்டா போதும். அப்புறம் ப்ளக் அடாப்டர், அங்க பிரிட்டிஷ் சதுர பின், நம்ம வட்ட பின் நுழையாது.

இந்த டவுன்லோட் பிரச்சனை புதுசும் இல்ல. 2006 ஜனவரில உகாண்டாவுல விக்டோரியா ஏரிக்கு நடுவுல இருக்குற கலங்கலாவுல 'ஆப்பிரிக்கா சோர்ஸ் 2'ன்னு ஒரு முகாம் நடந்துச்சு, டாக்டிக்கல் டெக்னு ஒரு அமைப்பு நடத்துனது, தொண்டு அமைப்புகளுக்கு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கத்துக்குடுக்க. அதே ஆளுங்கதான் 'என்ஜிஓ இன் எ பாக்ஸ்'னு மென்பொருளையெல்லாம் சிடில போட்டு டப்பாவா குடுத்தாங்க. ஏன் சிடின்னா கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு கடலடி கேபிளே 2009லதான் வந்துச்சு, அதுவரைக்கும் சாட்டிலைட் நெட், ஒரு டவுன்லோடுக்கு சொத்த எழுதி வெக்கணும். இப்ப கேபிள் வந்துடுச்சு, டவர் வந்துடுச்சு, ஆனா ரீசார்ஜ் காசு அவங்க பாக்கெட்ல இருந்துதானே போகுது, அதான் சிடிக்கு பதிலா இன்னைக்கு மெமரி கார்டு.

சரி எது வேலை செஞ்சுதுன்னு கேட்டா, எம்-பெசா ஸ்டேட்மென்ட். சிரிக்காதீங்க. 2007 மார்ச்சுல சஃபாரிகாம் ஆரம்பிச்ச போன் பணம், பட்டன் போன்லயும் ஓடும், பெசாங்குற வார்த்தையே நம்ம பைசாவோட உறவுன்னு சொல்வாங்க. அங்க 'சாமா'ன்னு குழு வெச்சிருப்பாங்க, நம்ம ஊர் சீட்டும் மகளிர் குழுவும் கலந்த மாதிரி, மாசாமாசம் எல்லாரும் போடுவாங்க, முறை வெச்சு ஒருத்தருக்கு மொத்தமா போகும். காசெல்லாம் போன்ல வருது ஆனா கணக்கு நோட்டுல, கூட்டத்துக்குக் கூட்டம் சண்டை. நான் பண்ணதெல்லாம் ஸ்டேட்மென்ட் பிடிஎஃப்ப பாஸ்வேர்ட் போட்டு தொறந்து, எக்ஸெல்ல கொண்டு வந்து, யார் கட்டுனாங்க யார் கட்டலன்னு பிரிக்கக் கத்துக்குடுத்தது மட்டும்தான். அன்னைக்கு மத்தியானம் சாப்பாடு வந்தும் ஒருத்தரும் எந்திரிக்கல.

அதுலயும் ஒரு முடிச்சு. ஸ்டேட்மென்ட்ல சிம் யார் பேர்ல இருக்கோ அந்தப் பேர்தான் வரும், நெறைய வீட்ல அது புருஷன் பேரு, மெம்பர் லிஸ்ட்ல இருக்கறது பொண்டாட்டி பேரு. சரி பேர வெச்சே தேடுவோம்னா கிசுமு பக்கத்து லுவோ மக்கள் பொறந்த நேரத்த வெச்சு பேர் வெப்பாங்க, காலைல பொறந்தா பொண்ணு அகின்யி, ராத்திரி பொறந்தா பையன் ஒட்டியெனோ, ஒரே குழுவுல நாலு அகின்யி இருந்தாங்க. நான் பெரிய இவன் மாதிரி ஐடி நம்பர் குடுக்கலாம்னு யோசிச்சிட்டு இருந்தேன், பொருளாளர் அம்மா நோட்டுலயே ஏற்கனவே சீரியல் நம்பர் போட்டு வெச்சிருந்தாங்க, பத்து வருஷமா அதுதான் அவங்க ஐடி, அதையே எக்ஸெல்ல ஒரு நெடுவரிசையா போட்டோம், முடிஞ்சுது. அவங்கள எல்லாரும் 'மாமா'ன்னு கூப்டுவாங்க, ஸ்வாஹிலில மாமான்னா அம்மா. எனக்கு வாய் வர ரெண்டு மாசம் ஆச்சு.

கணக்குக்கு அடுத்தபடியா சர்வே கேப்பாங்க, டோனருக்கு ரிப்போர்ட் போடணும்ல. அதுக்கு கோபோன்னு ஒரு சர்வே மென்பொருள் நல்லா இருக்கும், நெட் இல்லாத எடத்துல ஃபார்ம் ரொப்பிட்டு டவர் வந்ததும் அனுப்பிக்கலாம், ஸ்வாஹிலி, லுவோ ரெண்டு மொழியும் ஒரே ஃபார்ம்ல வெக்கலாம். கேள்வி எழுதறப்ப மட்டும் அவங்கள விட்டுடுங்க, நாம எழுதுனா மணி மூணா ஒம்போதா கதைதான் திரும்ப நடக்கும்.

ஆனா சேத்த டேட்டா யார்கிட்ட இருக்கும்னு முதல் நாளே பேசிடுங்க, இதுல நான் ரொம்ப கறார். ஒரு அமைப்புல, பேர் வேண்டாம், எச்ஐவி மாத்திரை சாப்பிடறவங்க லிஸ்ட்ட பேரு ஊரு போன் நம்பரோட வாட்ஸ்அப் க்ரூப்ல போட்டு வெச்சிருந்தாங்க, அந்த க்ரூப்ல இருந்த ஒரு பழைய போன் வேற யார் கைக்கோ போயிடுச்சு. கென்யாவுல 2019லயே டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்துடுச்சு, சட்டத்த விடுங்க, பக்கத்து வீட்டுக்காரன் பாத்தா அந்த அம்மா அந்த ஊர்ல எப்படி இருக்கறது? அதுல இருந்து போன் லாக், க்ரூப்ல யார் யார் இருக்காங்க, பழைய போன குடுக்கறதுக்கு முன்னாடி எப்படி அழிக்கறது, இது மூணும் இல்லாம நான் க்ளாஸ் எடுக்கறதே இல்ல.

உஷாஹிதி கதை படிச்சுட்டு நாமளும் அப்படி ஏதாச்சும் பண்ணலாம்னு கனவோட வர்றவங்க நெறைய பேர். 2008 ஜனவரில தேர்தல் கலவரத்தப்ப எங்க என்ன நடக்குதுன்னு எஸ்எம்எஸ்ல வாங்கி மேப்ல போட்ட தளம் அது, ஆனா அத ஆரம்பிச்சதே அந்த ஊரப் பத்தி எழுதிட்டு இருந்த ப்ளாகர்கள்தான், யாரும் வொர்க்ஷாப் எடுத்து வரல. வெளிய இருந்து வந்து உருப்படியா நடந்ததுன்னா எனக்கு மேப் கிபேராதான் ஞாபகம் வரும். 2009 கடைசில நைரோபில கிபேராங்குற பெரிய குடிசைப் பகுதில அந்த ஏரியா பசங்க பொண்ணுங்க கையிலயே ஜிபிஎஸ் குடுத்து யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல தெரு, தண்ணி கொழா, கக்கூஸ்னு குறிக்க வெச்சாங்க, அதுவரைக்கும் மேப்ல அது காலி எடம். கிபேரால பத்து லட்சம் பேர்னு எல்லாரும் சொல்லிட்டு இருந்தாங்க, அதே 2009 சென்சஸ் 1,70,070ன்னு சொல்லுச்சு, அந்தப் பத்து லட்சத்த நம்பி எத்தன ப்ரபோசல் எழுதுனாங்களோ.

காசு விஷயம். வர்றவங்களுக்கு பஸ் காசு குடுக்கணும், அங்க அது வழக்கம், "காசுக்குத்தான் வராங்க"ன்னு சில பேர் முகம் சுளிப்பாங்க, எனக்கு அதுல உடன்பாடில்ல, தக்காளி விக்கறவங்க ஒரு நாள் கடையப் போடாம வந்து உக்காந்திருக்காங்க. ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு, காசு உண்டுன்னா தலைவர் தன் தங்கச்சி மகன அனுப்பிடுவாரு, கணக்கு எழுதற அம்மா வரமாட்டாங்க. அதனால அழைப்புலயே 'நோட்டு எழுதறவங்க நோட்டோட வரணும்'னு போட்டுடுங்க.

போன மாசம் அந்த மாமாகிட்ட இருந்து மெசேஜ். நோட்டு, எக்ஸெல் ரெண்டுலயும் எழுதறாங்களாம், ரெண்டுக்கும் நடுவுல 29 ஷில்லிங் இடிக்குதாம், "ம்வாலிமு (வாத்தியாரே), உங்க கம்ப்யூட்டர் தப்பு பண்ணுது"ன்னு ஸ்க்ரீன்ஷாட்டோட. பாத்தா ஏஜெண்ட்கிட்ட காசு எடுத்தப்ப புடிச்ச சார்ஜ், நான் போட்டுக் குடுத்த ஷீட்ல அதுக்கு நெடுவரிசையே வெக்கல.