மட்டை தூளாக்கும் இயந்திரம்: பெல்ட் தேய்வதும் ஸ்டார்ட் ஆகாததும்

கேள்வி: ஆனைமலை பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மானியத்தில் பெட்ரோல் இன்ஜின் வைத்த மட்டை தூளாக்கும் இயந்திரம் வாங்கினோம். பெல்ட் மாற்றி மாற்றி ஓய்ந்துவிட்டோம். இப்போது கயிறு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் ஒன்றுதான். பெல்ட் வழுக்குகிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறீர்கள். கடைசியில் பெல்ட்டை இறுக்கவும் விடவும் இருக்கும் லீவரைத் தளர்த்தினாலும் பெல்ட் புல்லியை விடுவதில்லை. கயிறு இழுக்கும்போது பிளேடு பொருத்திய கனமான டிரம்மையும் சேர்த்தே சுற்றப் பார்க்கிறீர்கள். பிளக் மூடியைக் கழற்றிவிட்டு, லீவரைத் தளர்த்தி, கயிற்றை மெதுவாக இழுத்துப் பாருங்கள். டிரம்மும் கூடச் சுற்றினால் கோளாறு இன்ஜினில் இல்லை.

சரி, பெல்ட் ஏன் வழுக்குகிறது? முதல் சந்தேகம் பிளேடு மீதுதான். தரையில் கிடந்த மட்டையில் மண் ஒட்டியிருக்கும், அது முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய பிளேடு மட்டையை வெட்டாமல் இடிக்கும். அந்தச் சுமை முழுக்க பெல்ட் மேல் விழும். அடுத்தது புல்லி. வி-பெல்ட் பக்கவாட்டில்தான் பிடிக்க வேண்டும். பெல்ட் உட்காரும் புல்லிப் பள்ளத்தின் அடிப்பகுதி பளபளவென்று இருந்தால் புல்லி தேய்ந்து பெல்ட் அடியில் உட்கார்கிறது என்று பொருள். அதில் எத்தனை புது பெல்ட் போட்டாலும் வீண். பெல்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு புல்லியும் நேர்கோட்டில் இல்லை. ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வழுக்காமல் இருக்க மெழுகு, ஸ்பிரே என்று விற்பார்கள், வாங்காதீர்கள். அன்றைக்குப் பிடிக்கும், பிறகு தூசியை இழுத்துப் பெல்ட்டையே தின்னும். "எங்கள் கம்பெனி பெல்ட்தான் பொருந்தும்" என்று டீலர் சொல்வதையும் நம்ப வேண்டாம். பெல்ட்டின் முதுகில் பி-52 என்பது போல எண் இருக்கும். அதே எண்ணில் நல்ல பெல்ட் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். இரண்டு பெல்ட் ஓடும் இயந்திரத்தில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் புதியது தனியாகச் சுமந்து அறுந்துபோகும். லீவரைப் போட்ட நிலையில், புல்லிகளுக்கு இடையே ஒரு அடிக்கு 5 மி.மீ. அளவு கட்டைவிரலுக்கு அமுங்கினால் போதும். புதுப் பெல்ட் சில மணி நேரம் ஓடியதும் தளரும், அப்போது மறுபடி சரிசெய்யுங்கள்.

பெல்ட் சரியான பிறகும் இன்ஜின் எழவில்லையென்றால் பழைய பெட்ரோலைப் பாருங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரை அடைக்கும். டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துப் புது பெட்ரோல் ஊற்றுங்கள். வேலை முடிந்த சீசனில் காலியாகவே வையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பல இன்ஜின்களில் ஆயில் சென்சார் உண்டு. ஆயில் குறைந்தால் பிளக்கில் தீப்பொறியே வராது. ஆயில் போதுமானதாக இருந்தாலும், இயந்திரம் வரப்புச் சரிவில் சாய்ந்து நின்றால் சென்சார் குறைவாகத்தான் காட்டும். மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார், பொறி இல்லை என்பார், பொறியை உண்டாக்கும் காயில் போச்சு, இன்ஜினைப் பிரிக்கணும் என்பார். சமதளத்தில் நிறுத்தி, ஆயில் அளவைப் பார்த்து, மறுபடி இழுங்கள். இதைச் செய்யாமல் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

மானியம் 40, 50 சதவீதம் என்று கொடுக்கிறார்கள். ஆனால் பிளேடு எங்கே தீட்டுவது, புல்லி எங்கே கிடைக்கும் என்று விவசாயிக்கு யார் சொல்கிறார்கள்? டெலிவரி ரசீதில் கையெழுத்து வாங்கியதும் டீலர் போனை எடுப்பதில்லை. விற்பனைக்குப் பிந்தைய சர்வீஸ் எந்த ஊரில் என்று எழுதி வாங்காமல் மானியப் பணத்தை விடுவிக்கவே கூடாது.

பெல்ட் மூடியைத் திறக்கும் முன் இன்ஜினை நிறுத்தி, பிளக் மூடியைக் கழற்றி, டிரம் முழுதாக நிற்கும் வரை காத்திருங்கள். நிறுத்திய பிறகும் அது வெகுநேரம் சுற்றும்.