அடைப்புக்குறிக்குள் ஒரு பையன்

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் கணவருக்குப் பழைய ஆங்கிலப் படங்கள் என்றால் உயிர். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் 'நாக் ஆன் எனி டோர்' பார்த்தோம். 1949இல் வந்தது. போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றதாக நிக் ரொமானோ என்ற இளைஞன் மீது வழக்கு. ஹம்ப்ரி போகார்ட்தான் அவன் வக்கீல். 'இவனை வளர்த்த தெருவும் வறுமையும்தான் இவனைக் கொலைகாரனாக்கின' என்று கடைசியில் அவர் பேசியபோது நான் அழுதுவிட்டேன். (நடுவில் எங்கள் சமையல்காரம்மாவின் பையன் டீ கொண்டுவந்தான். 13 வயது, படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான், எங்கள் வீட்டில்தான் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறான். அவனும் கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.) என் கணவரோ, "ஏழையாப் பிறந்தவன் எல்லாம் துப்பாக்கியா தூக்குறான்? வக்கீல் வாய்ஜாலம்" என்கிறார். பேச்சு முற்றி, ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, கோவை

பதில்: படம் பார்த்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்ட தம்பதிகளின் கடிதம் எனக்கு அடிக்கடி வரும். அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதற்கு நான் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த அடைப்புக்குறிதான்.

நிக் ரொமானோவின் பெயர் உங்களுக்குத் தெரிகிறது. நடிகர் பெயர் தெரிகிறது. படம் வந்த வருடம்கூடத் தெரிகிறது. டீ கொண்டுவந்த பையனுக்கு மட்டும் பெயர் இல்லை. தினமும் உங்கள் வீட்டுக்குள் நடமாடுகிற பிள்ளை. அவன் பெயர் உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். எழுத வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. சுட்டவன் நிக்தான். அரசு வக்கீல் கெர்மன், நிக்கின் மனைவி எம்மாவின் சாவைத் தொட்டுக் குத்திக் குத்திக் கேட்க, சாட்சிக் கூண்டிலேயே உடைந்துபோய் ஒப்புக்கொள்கிறான். அதுவரை அவன் நிரபராதி என்று நம்பி வாதாடிய வக்கீல் மார்ட்டனுக்கே (போகார்ட் நடித்த பாத்திரம்) அது அதிர்ச்சி. அந்த மார்ட்டனும் அதே மாதிரி ஏழைப் பேட்டையிலிருந்து முன்னுக்கு வந்தவர்தான், அவர் துப்பாக்கி தூக்கவில்லை. ஆனால் வாய்ஜாலம் என்பது தப்பு. குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, உயிரையாவது விட்டுவையுங்கள் என்று கேட்கிற பேச்சு அது. பலித்ததா? இல்லை. மின்சார நாற்காலிதான் தீர்ப்பு.

நீங்கள் அழுத இடம் அந்தப் பேச்சு. அங்கே அழுவது சுலபம், அழ வைக்கத்தானே எழுதியிருக்கிறார்கள். எனக்குப் படத்தில் முக்கியமான இடம் வேறு. நிக்கின் அப்பா மீது ஒரு வழக்கு வருகிறது. நம்பி வந்த அந்தக் குடும்பத்தின் வழக்கை மார்ட்டன் தானே நடத்தாமல் இன்னொரு வக்கீல் கையில் தள்ளிவிடுகிறார். அது சொதப்பிப்போய், அந்த மனுஷன் சிறைக்குள்ளேயே செத்துப்போகிறார். அப்புறம்தான் குடும்பம் சரிகிறது, பையன் தெருவுக்குப் போகிறான், சின்னத் திருட்டு, சீர்திருத்தப் பள்ளி, பெரிய திருட்டு. மார்ட்டன் கெட்டவர் இல்லை. வேலை இருந்தது, 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிட்டார். நீதிமன்றத்தில் ஊரையே குற்றவாளியாக்கும்போது அந்தக் கணக்கும் அவர் மனசுக்குள் ஓடுகிறது. அது இல்லாவிட்டால் அந்தப் பேச்சு வெறும் மேடைப் பேச்சுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 'படிப்பு ஏறவில்லை.' யார் சொன்னது? வாத்தியாரா, அவன் அம்மாவா, அவனா? பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தார்களா, கடன் தொல்லையா, அப்பா குடிக்கிறாரா? அப்பா இருக்கிறாரா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. நிக்கின் குடும்பக் கதை தெரிந்த அளவுக்கு இவன் கதை உங்களுக்குத் தெரியவில்லை. வீட்டில் ஆள் கிடைத்தது வசதியாக இருந்ததால் விசாரிக்கவில்லை என்று நான் சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

ஒத்தாசை என்கிறீர்கள். 14 வயது முடியாத பிள்ளையை அடுத்தவர் வீட்டு வேலை உட்பட எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016இல் சட்டத்தைத் திருத்தி இறுக்கிவிட்டார்கள். வைத்தால் 6 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். நீதிமன்றக் காட்சிகளில் இவ்வளவு ஈடுபாடு உள்ள குடும்பம் இதையும் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

என் கொள்கையை மறைக்காமல் சொல்கிறேன். நம் அடுப்படியில் நின்று நமக்குச் சமைத்துப் போடுகிறவளின் பிள்ளை நம் பொறுப்பு. சொந்தப் பிள்ளைக்கு டியூஷன் ஃபீஸ் கட்டிவிட்டு, அவள் பிள்ளை கையில் டீத் தட்டைக் கொடுக்கிற வீட்டை நல்ல குடும்பம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய காலத்துப் பேச்சு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் அவன் அம்மாவை உட்கார வைத்துப் பேசுங்கள். நின்றுகொண்டே இல்லை, உட்கார வைத்து. அந்தப் பையன் மூலமாக அந்த வீட்டுக்கு எவ்வளவு போகிறதோ அதை அவள் சம்பளத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவன் வேறு வீட்டுக்கோ ஒர்க் ஷாப்புக்கோதான் போவான். வீட்டுக்காரர் இதற்கு மறுத்தால் அப்போது சண்டை போடுங்கள், அது போட வேண்டிய சண்டை.

அடுத்து பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். அம்மாவும் பையனும் கூட வரட்டும், உங்கள் வீட்டுக்காரரும் வரட்டும். 2009இன் கட்டாயக் கல்விச் சட்டப்படி, இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டி.சி. வரத் தாமதம் என்று சேர்க்கை மறுக்கக் கூடாது. விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சியும் கேட்டு வாங்கலாம். அங்கே இழுத்தடித்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். ஆனால் போன் எடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் அவன் வேலை செய்வது நின்றிருக்க வேண்டும்.

சாயங்காலம் அவன் உங்கள் வீட்டுக்கு வந்தால் புத்தகத்தோடு வரட்டும். சிங்க்கில் பாத்திரம் கிடந்தால் கிடக்கட்டும்.

இன்னொன்று. நன்றியை எதிர்பார்த்து இதில் இறங்காதீர்கள். படத்தில் மார்ட்டன் நிக்கை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிறார், அண்ணன் மாதிரி. பையன் அவரிடமிருந்தே 100 டாலரைத் திருடிவிடுகிறான். உங்கள் வீட்டிலும் ஒருநாள் அலமாரியிலிருந்து ஐந்நூறு ரூபாய் காணாமல் போகலாம். போகாமலும் இருக்கலாம். பத்து நாள் பள்ளிக்கூடம் போய்விட்டுப் பதினோராம் நாள் மட்டம் போடலாம். "நான் அப்பவே சொன்னேன்" என்பார் உங்கள் வீட்டுக்காரர். இந்த இடத்தில்தான் நிறைய நல்லவர்கள் கையைக் கழுவிக்கொள்கிறார்கள். நீங்கள் கழுவ வேண்டாம். அவன் அம்மாவை வைத்துக்கொண்டு விசாரியுங்கள், உங்கள் பிள்ளையைத் திட்டுகிற மாதிரித் திட்டுங்கள், மறுநாள் காலையில் சாப்பிட வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.