வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டியும் நாய்க்குத் தெள்ளுப்பூச்சி போகவில்லை என்றால்

நாயை மறுபடி குளிப்பாட்ட வேண்டாம், அது படுக்கிற சாக்கை முதலில் தூக்கிப் போடுங்கள். ஏற்காட்டு வீட்டில் குளிப்பாட்டிய நாலாம் நாளே தெள்ளு திரும்பி வருகிறது என்கிறீர்களே, அது பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. உடம்பில் ஓடுவது வளர்ந்த பூச்சி மட்டும். முட்டைகள் உதிர்ந்து சாக்கிலும் தரை இடுக்கிலும் விழுந்து, புழுவாகி, கூடு கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். கூட்டுக்குள் இருப்பதை வேப்பிலையோ உப்போ ஒன்றும் செய்யாது. சேலத்து வெயிலில் காய்ந்த முற்றத்தில் அந்தப் புழு பிழைப்பதே கஷ்டம், உங்கள் மலை ஈரத்தில் அதற்குக் கொண்டாட்டம்.

தெள்ளுதானா என்று சந்தேகமிருந்தால் வாலடியில் பேன்சீப்பால் வாரி, விழும் கரும்பொடியை ஈர வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் கழிவு, இல்லாவிட்டால் வெறும் மண்.

சாக்குக்குப் பதில் பழைய போர்வை போட்டு, வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கித் துவையுங்கள். இடுக்குகளைத் தினமும் பெருக்குங்கள். இரவில் விளக்கடியில் தட்டு நிறைய சோப்புத் தண்ணீர் வைத்தால் சில பூச்சிகள் குதித்து மூழ்கும். எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அது உதவும், ஒழிக்கப் போதாது. ஒரு மாதம் கழித்தும் புதிதாக வரலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், கற்பூரம், மண்ணெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து அதற்கு உயிராபத்து. குட்டிநாய் சோர்ந்து ஈறு வெளுத்திருந்தால் கைவைத்தியத்தை விட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.