இரண்டு 1080 டிஐ இருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கலாமா?

கேள்வி: 2017-ல் பார்த்துப் பார்த்துச் சேர்த்த சிஸ்டம். ஐ7-6700கே பிராசசர், இசட்170 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், 850 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எஸ்எல்ஐ-யில் (இரண்டு கார்டைச் சேர்த்து ஓட்டும் என்விடியா முறை) இணைத்த இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு, 27 அங்குல 1440பி ஜி-சிங்க் மானிட்டர். புதிய கேம்களில் 40 ஃபிரேமைத் தாண்ட மாட்டேன் என்கிறது, நடுநடுவே திக்கவும் செய்கிறது. இரண்டையும் விற்று ஒரே கார்டாக வாங்கலாமா, செட்டிங்ஸில் ஏதாவது செய்தால் போதுமா? இரண்டிலும் சேர்த்து 22 ஜிபி மெமரி இருக்கிறதே, அதை விட மனசு வரவில்லை.
— மதுரை வாசகர்

பதில்: மெமரிக் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். கேமைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது 22 ஜிபி அல்ல, 11 ஜிபிதான். எஸ்எல்ஐ-யில் ஒற்றைப்படை ஃபிரேம்களை ஒரு கார்டும் இரட்டைப்படை ஃபிரேம்களை மற்றதும் வரைகின்றன. ஒவ்வொரு கார்டும் முழுக் காட்சியையும் வரைய வேண்டியிருப்பதால், அதே டெக்ஸ்சர்கள் இரண்டு மெமரியிலும் தனித்தனியாக ஏறி உட்காரும். ஒரே பாடப்புத்தகத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுத்த மாதிரி. பக்கம் இரட்டிப்பாகிவிடாது.

திக்கலுக்கும் இந்த மாறிமாறி வரையும் முறை காரணமாக இருக்கலாம். இன்றைய கேம்கள் விளிம்புகளை மென்மையாக்கவும், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கவும் முந்தைய ஃபிரேமின் தகவலை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் சிஸ்டத்தில் முந்தைய ஃபிரேம் பக்கத்துக் கார்டில் கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதை அங்கிருந்து இழுத்து வருவதற்குள், இரண்டாவது கார்டால் மிச்சமாகும் நேரம் கரைந்துவிடும். அதனால்தான் கேம் தயாரிப்பாளர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. என்விடியாவும் 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்குமான எஸ்எல்ஐ அமைப்பு) தருவதை நிறுத்திவிட்டது. அதன் பிறகு கேமுக்குள்ளேயே பல கார்டு ஆதரவை எழுதி வைத்திருந்தால்தான் உண்டு. அப்படி எழுதியவை வெகு சில: ஷேடோ ஆஃப் தி டூம்ப் ரெய்டர், ஸ்ட்ரேஞ்ச் பிரிகேட், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவை. இவற்றை மட்டும்தான் ஆடுகிறீர்கள் என்றால் எதையும் கழற்ற வேண்டாம், இன்னும் நன்றாகவே ஓடும். மற்ற கேம்களில் இரண்டாவது கார்டு பெரும்பாலும் சும்மா சூடேறிக்கொண்டிருக்கிறது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை இலவசமாக இறக்கி, இரண்டு ஜிபியு-வின் பயன்பாட்டு சதவீதமும் திரையில் தெரியும்படி வையுங்கள். வழக்கமாக ஆடும் ஒரு இடத்தை 5 நிமிடம் ஆடி, சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), '1% லோ' (மிக மெதுவாக வந்த 1% ஃபிரேம்களின் வேகம்) இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து என்விடியா கன்ட்ரோல் பேனலில் எஸ்எல்ஐ பகுதிக்குப் போய் அதை முடக்கிவிட்டு, அதே இடத்தை இன்னொரு முறை ஆடுங்கள். சராசரி கொஞ்சம் இறங்கினாலும் 1% லோ ஏறினால், திக்கல் குறைந்தது என்று பொருள். கண்ணுக்குத் தெரிவது 1% லோதான், சராசரி அல்ல. ஏறியது என்றால் இரண்டாவது கார்டை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். இசட்170-ல் இரண்டு கார்டு போட்டால் பிராசசரின் 16 லேன்கள் (கார்டோடு தகவல் பேசும் பாதைகள்) எட்டு எட்டாகப் பிரிந்துவிடும். ஒன்றைக் கழற்றினால் மற்றதற்கு 16-ம் கிடைக்கும், மேல் கார்டு மூச்சுவிட இடமும் இருக்கும்.

இரண்டாவது சோதனை பிராசசருக்கு. ஒரே கார்டோடு, கேமின் ரெசல்யூஷனை 1280x720-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டுதான் தடை. 40 என்பது 45-ஓடு நின்றுவிட்டால் தடை 6700கே-வில் இருக்கிறது; அப்போது எந்தக் கார்டை வாங்கிப் போட்டாலும் காசு கரியாகும். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 60% என்று காட்டுவதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். நான்கு கோரில் ஒன்று 100%-ல் முட்டிக்கொண்டு நின்றாலும் மொத்தக் கணக்கு 60 என்றுதான் தெரியும்.

சோதனை எப்படி வந்தாலும் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1080 டிஐ சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்கான கடைசி கேம் ரெடி டிரைவர் (புதுக் கேம்களுக்கு ஏற்ப வரும் டிரைவர்) 2025 அக்டோபரோடு முடிந்தது. இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ரே டிரேசிங் (ஒளிக்கதிரைக் கணக்கிட்டு வரையும் முறை) வன்பொருள் இல்லாமல் ஓடவே ஓடாத கேம்களும் வந்துவிட்டன. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் அந்த ரகம். 1080 டிஐ-யை இரண்டல்ல, நான்கு போட்டாலும் அவை திறக்காது.

ஆக, விற்றுவிட்டு ஒரே கார்டு என்பதுதான் என் பதில். எந்தக் கார்டு என்பதை உங்கள் மானிட்டர் பாதி தீர்மானித்துவிட்டது. அந்தக் காலத்து ஜி-சிங்க் மானிட்டர்களுக்குள் என்விடியாவின் தனி மாட்யூல் இருக்கும். ஏஎம்டி கார்டைப் போட்டால் படம் வரும், ஆனால் ஃபிரேமுக்கு ஏற்ப ரிஃப்ரெஷ் மாறும் வசதி வேலை செய்யாது. அந்தத் தடை மட்டும் இல்லையென்றால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி மாடலைத்தான் சொல்லியிருப்பேன். அது 16 லேனையும் பயன்படுத்துவதால் உங்கள் பழைய பிசிஐ 3.0 (கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டின் தலைமுறை) போர்டுக்கு ஏற்றது.

என்விடியாவில் இரண்டு வழி. பிராசசரை இப்போதைக்கு மாற்றப் போவதில்லை என்றால் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி மாடல். ஒற்றை 1080 டிஐ-யைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம், 180 வாட். இதே பெயரில் 8 ஜிபி மாடலும் விற்கிறது. கடைக்காரர் விலை குறைவு என்று அதை நீட்டினால் வாங்காதீர்கள். இந்தக் கார்டு 8 லேனில்தான் பேசும். மெமரி நிரம்பி வழிந்தால் மிச்சத்தை ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாகத்தான் கொண்டுவர வேண்டும். பிசிஐ 3.0-ல் அந்த வழி இன்னும் குறுகல். 16 ஜிபி-யில் வழிவது அபூர்வம் என்பதால் இழப்பு சொற்பம். 8 ஜிபி-யில் மறுபடி திக்கல்தான். உங்களிடம் இருக்கும் 11-லிருந்து 8-க்கு இறங்குவதை அப்கிரேடு என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள்.

பிராசசரையும் சேர்த்து மாற்றத் தயார் என்றால் ஆர்டிஎக்ஸ் 5070: 12 ஜிபி, 250 வாட், ஒற்றை 1080 டிஐ-யைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதாவது எஸ்எல்ஐ உங்களுக்குத் தருவதாகச் சொன்னதை இது ஒற்றையாகத் தரும். புது பிராசசர் என்றதும் டிடிஆர்5-க்குத் தாவ வேண்டாம்; ரேம் விலை இருக்கும் இருப்பில் கையில் உள்ள டிடிஆர்4-ஐ விடுவது நஷ்டம். பி550 போர்டு, ரைசன் 5 5600 அல்லது ரைசன் 7 5700எக்ஸ் போதும். இருக்கிற ரேம் அப்படியே உட்காரும், பிசிஐ 4.0 கிடைக்கும், விண்டோஸ் 11-ம் ஏறும். 6700கே-வில் விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை, விண்டோஸ் 10-ன் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது. சிஸ்டத்தோடு வந்த ஓஇஎம் லைசென்ஸ் என்றால் அது பழைய மதர்போர்டோடு கட்டுண்டது. புது போர்டுக்கு வராது. அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மாட்டும்போது தவறு நடக்கும் இடங்கள்: பழைய டிரைவரை டிடியு (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) மென்பொருளால் சேஃப் மோடில் சுத்தமாக நீக்கிவிட்டுக் கழற்றுங்கள், எஸ்எல்ஐ பிரிட்ஜையும் எடுத்துவிடுங்கள். 5070-க்கு 16 முனை பவர் சாக்கெட். கூட வரும் அடாப்டரில் இரண்டு 8 முனை கேபிள் செருக வேண்டும். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிளாக எடுங்கள், ஒரே கேபிளின் இரட்டைத் தலையை மாட்டாதீர்கள். அடாப்டர் கடைசி வரை உள்ளே போயிருக்க வேண்டும்; அரைகுறையாக நின்றால் அங்கேதான் உருகும். வேறு எஸ்எம்பிஎஸ்-இன் மாடுலர் கேபிள் உருவத்தில் பொருந்தினாலும் உள்ளே கம்பி வரிசை வேறு. மாட்டினால் கார்டே எரியும். திரை கறுப்பாகவே நின்றால், கார்டு பழுது என்று கடைக்கு ஓடும் முன் பழைய கார்டை மாட்டி பயோஸை அப்டேட் செய்து, அதற்குள் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறைக்கான வசதி) அணைத்துப் பாருங்கள். விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிவு முறையில் இருந்தால் சிஎஸ்எம்-ஐ அணைப்பதற்கு முன் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் ஏறாது. கேபினட்டுக்குள் நீளத்தை டேப்பால் அளந்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். இப்போதைய மூன்று ஃபேன் கார்டுகள் பல 300 மில்லிமீட்டரைத் தாண்டுகின்றன.

கரன்ட் கணக்கு ஒன்று, வீட்டில் அனுமதி வாங்க உதவும். இரண்டு 1080 டிஐ-யும் முழு வேகத்தில் 500 வாட், 5060 டிஐ 180. வித்தியாசம் 320. தினம் 3 மணி நேரம் என்றால் மாதம் சுமார் 29 யூனிட், இரண்டு மாத பில்லில் 58. இரண்டும் உண்மையிலேயே உழைக்கும் கேம்களுக்கான கணக்கு இது. ஒன்று சும்மா இருக்கும்போது மிச்சம் இதைவிடக் குறைவு. சித்திரையில் அறைக்குள் இறங்கும் வெப்பம் எவ்வளவு குறையும் என்பது உங்களுக்கே தெரியும்.

விற்கும்போது ஜோடியாக விளம்பரம் செய்யாதீர்கள். ஜோடி வேண்டுபவர் இன்று கிட்டத்தட்ட யாரும் இல்லை. தனித்தனியாகப் போட்டால் சீக்கிரம் போகும்.

கேள்வி: என்னிடம் ஒரு ஜிடிஎக்ஸ் 1070. நண்பர் அதே மாடலை மலிவாகத் தருகிறேன் என்கிறார். போட்டால் 1080 டிஐ அளவுக்கு வருமா?
— திருப்பூர் வாசகர்

பதில்: வேண்டாம். மேலே சொன்ன காரணங்களெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். போதாக்குறைக்கு உங்கள் போர்டு எஸ்எல்ஐ-யை ஏற்குமா என்பதே கேள்வி. பட்ஜெட் போர்டுகள் பலவற்றில் இரண்டாவது நீள ஸ்லாட் பார்வைக்குத்தான் நீளம். உள்ளே 4 லேன்தான் ஓடும். எஸ்எல்ஐ-க்கு ஆளுக்கு 8 வேண்டும். பிரிட்ஜ், கூடுதல் 150 வாட்டுக்கு எஸ்எம்பிஎஸ் என்று மலிவு மெல்ல மலிவில்லாமல் போகும். அந்தப் பணத்தோடு உங்கள் 1070-ஐ விற்ற பணத்தையும் சேர்த்து ஒரே கார்டாகப் பாருங்கள்.

கேள்வி: புது கார்டு வாங்கிய பிறகும் பழைய 1080 டிஐ ஒன்றை கூடவே வைத்துக்கொண்டால் பயன் உண்டா?
— சேலம் வாசகர்

பதில்: இரண்டு வேலைக்கு உண்டு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் சைக்கிள்ஸ் ரெண்டர், இரண்டும் என்விடியா என்றால், இரண்டு கார்டையும் பிரிட்ஜ் இல்லாமலே பயன்படுத்திக்கொள்ளும். இன்னொன்று லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருள்: கேமை ஒரு கார்டு வரைய, இடைப்பட்ட ஃபிரேம்களை மற்றது உருவாக்கும். இதற்கு மானிட்டர் கேபிளை இரண்டாவது கார்டில் செருக வேண்டும், அந்த ஸ்லாட்டுக்குக் குறைந்தது பிசிஐ 3.0-ல் 8 லேன் இருந்தால் நல்லது. உருவாக்கிய ஃபிரேம் கண்ணுக்கு வழுவழுப்பு தரும். மவுஸின் சுறுசுறுப்பைக் கூட்டாது.

ஒரு சிக்கல் இருக்கிறது. புது கார்டும் என்விடியாவாக இருந்தால், பாஸ்கலை ஆதரிக்கும் கடைசி வரிசையான 580 டிரைவரிலேயே இரண்டும் தங்க வேண்டியிருக்கும். பழையதற்காகப் புதியதின் டிரைவரை நிறுத்தி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புது கார்டு ஏஎம்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு நிறுவன டிரைவர்களும் ஒரே விண்டோஸில் சேர்ந்து இருக்கும்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3090 வைத்திருக்கிறேன். இரண்டாம் கை 3090 இன்னொன்று ரிச்சி தெருவில் கிடைக்கிறது. கேமுக்கும், வீட்டிலேயே ஏஐ மொழி மாடல் ஓட்டவும் வாங்கலாமா?
— சென்னை வாசகர்

பதில்: கேமுக்கு வீண், மொழி மாடலுக்கு அருமை. மதுரை வாசகருக்கு இல்லை என்று சொன்ன மெமரிக் கூட்டல் இங்கே நிஜமாகவே நடக்கும். மாடலின் அடுக்குகளில் பாதி ஒரு கார்டிலும் பாதி இன்னொன்றிலும் ஏறுவதால் 24-ம் 24-ம் 48 ஜிபி. 4 பிட்டாகச் சுருக்கிய 70 பில்லியன் பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) மாடல் சுமார் 40 ஜிபி பிடிக்கும். ஒரு கார்டில் நுழையாது, இரண்டில் உட்காரும். அடுக்காகப் பிரித்து ஓட்ட, இரண்டு கார்டை நேரடியாக இணைக்கும் என்விலிங்க் பிரிட்ஜ் கட்டாயமில்லை, அதற்குத் தனியாகப் பணம் கொட்ட வேண்டாம். கார்டு ஒன்றுக்கு 350 வாட், நொடிக்கும் குறைவான நேரம் அதைத் தாண்டியும் குதிக்கும். எஸ்எம்பிஎஸ் 1200 வாட்டுக்குக் குறையக் கூடாது. மென்பொருளில் ஒவ்வொன்றையும் 280 வாட் அளவில் கட்டி வைத்தாலும் மாடல் ஓடும் வேகம் பெரிதாக அடிவாங்காது.

கார்டைக் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். 3090-ல் மெமரி சில்லுகளில் பாதி போர்டின் பின்பக்கம் இருக்கும். கிரிப்டோ மைனிங்கில் வெந்தவை பெரும்பாலும் அவைதான். ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, மெமரியை நிரப்பும் சோதனையை 15 நிமிடமாவது ஓட்டுங்கள். மெமரி ஜங்ஷன் வெப்பம் 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 100-ஐ நெருங்கினாலே தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மெத்தை) மாற்றும் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். திரையில் புள்ளிகளோ கட்டங்களோ தெறித்தால் எந்த விலைக்கும் வேண்டாம். பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள். 'டெஸ்டிங் வாரன்டி' எத்தனை நாள் என்பதையும் அதே தாளில் எழுதி, கடை முத்திரையோடு வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள், அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.