எம்.எஸ். உள்ளவருக்கு பிசியோதெரபி போதாதா, ஆக்குபேஷனல் தெரபி எதற்கு?

உங்கள் மனைவிக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை சிதையும் நோய். மருந்தும் பிசியோதெரபியும் ஒழுங்காக நடக்கின்றன. இப்போது டாக்டர், அன்றாட வேலைகளைச் செய்ய வழி சொல்லித்தரும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார், அங்கே புதிதாக என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் எம்.எஸ்.தான், பல வருஷமாக. கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிசியோவில் காலில் பலம் எவ்வளவு, நிற்கும்போது தள்ளாடுகிறதா என்று பார்ப்பார்கள். ஆக்குபேஷனல் தெரபியில், ஒரு நாளில் எந்தெந்த வேலை மாட்டிக்கொள்கிறது என்பதில் தொடங்குவார்கள். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று பத்துக்கு மார்க் போடச் சொல்வார்கள். கனடாவில் உருவாகி, பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கும் முறை இது. நான் குளிக்கிற கஷ்டத்தைத்தான் சொல்வேன் என்று வீட்டில் நினைத்தார்கள். நான் சொன்னது, ராத்திரி மகனுக்குக் கதை படித்துக் காட்ட முடியவில்லை என்பதை. எட்டு மணிக்கெல்லாம் எழுத்து மங்கும், நாக்கு குழறும்.

தெரபிஸ்ட் அந்த எட்டு மணியை விட்டுவிட்டு என் காலை நேரத்தைத் துருவ ஆரம்பித்தார். எழுந்ததும் நல்ல சூடான தண்ணீரில் குளியல். நின்றபடியே உடை மாற்றுவது, நின்றபடியே இஸ்திரி. மறந்த பொருளுக்காக மாடிக்கு ஏறி இறங்குவது. பத்து மணிக்குள்ளேயே பாதித் தெம்பு போய்விடுகிறது என்றார். அதிலும் முதல் எதிரி அந்த வெந்நீர். எம்.எஸ்.ஸில் நரம்பின் மேலுறை சிதைந்திருப்பதால், உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி ஓடுவது தடுமாறும். 1890இல் ஊட்டோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடலை வருத்தியதும் பார்வை மங்குவதைக் கவனித்து எழுதினார்; சூடுதான் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. ஸ்கேன் வராத காலத்தில் எம்.எஸ். இருக்கிறதா என்று பார்க்கவே ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்திருக்கிறார்கள்! உடம்பு ஆறினால் தடுமாற்றமும் அடங்கிவிடும், நோய் முற்றியதாக அர்த்தமில்லை. ஆனால் புதிதாக வந்த தொந்தரவு ஒரு நாளைத் தாண்டி நின்றால் தெரபிஸ்டுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

எனக்குக் குளியல் வெதுவெதுப்பான தண்ணீருக்கும் ஸ்டூலுக்கும் மாறியது. இஸ்திரி வேறொருவர் கைக்குப் போனது. மத்தியானம், களைப்பு வருவதற்கு முன்பே படுக்கச் சொன்னார். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நன்றாக இருக்கும்போது போய்ப் படுத்தால் சோம்பேறித்தனம் போலத் தோன்றும், பார்ப்பவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் முழுக்க வற்றிய பிறகு படுத்தால், எழுந்தும் பிரயோஜனமில்லை. இப்படித் தெம்பைப் பங்கிட்டுச் செலவழிப்பதை ஆறு வாரப் பயிற்சியாகவே நடத்துகிறார்கள். அதனால் களைப்பின் தொல்லை குறைவதாக ஆய்வுகளும் சொல்கின்றன.

கை விஷயத்தில் சின்னச் சின்ன உத்திகள் நிறைய. சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். கை நடுங்கினால் முழங்கையை மேஜையில் நன்றாக ஊன்றிக்கொண்டு டம்ளரைத் தூக்கினால் ஆட்டம் குறையும். கனமான கரண்டி சிலருக்கு நடுக்கத்தைக் குறைக்கும், சிலருக்குக் கையைச் சோர்வடையச் செய்யும், எனவே வாங்குவதற்கு முன் அவர்களிடமே பிடித்துப் பாருங்கள். விரல் மரத்திருந்தால் தண்ணீரின் சூட்டை முழங்கையால்தான் பார்க்க வேண்டும். சாதனங்களைப் பற்றிக் கேட்டால், வாங்கியதில் பாதி அலமாரியில்தான் கிடக்கின்றன. தினமும் உதவுவது பேனாவில் சொருகிய தடித்த பஞ்சுக் குழாயும், பட்டன் மாட்டும் கொக்கியும்தான். குளியலறைக் கைப்பிடியைச் சுவரில் துளைபோட்டு மாட்டுங்கள். உறிஞ்சி ஒட்டும் வகையை நம்பி முழு எடையைப் போடக் கூடாது.

பலருக்கும் இவர்களிடம் சொல்லலாம் என்றே தெரியாத ஒன்று, யோசனை மெதுவாவது. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு ஃபோனில் பேசினால் இரண்டில் ஒன்று போய்விடும். பேச்சின் நடுவில் வார்த்தை சிக்காது. ஒரு நேரத்தில் ஒரே வேலை, கவனம் தேவைப்படும்போது டிவியை அணைப்பது, எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுவது, மறக்கக் கூடாதவற்றுக்கு அலாரம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் எந்த நேரத்தில் உங்கள் மனைவிக்கு மூளை சுறுசுறுப்பு என்று பார்த்து, பணக் கணக்கு, ஆபீஸ் வேலை போன்றவற்றை அங்கே நகர்த்திவிட்டால் வித்தியாசம் தெரியும்.

நோயின் வேகத்தை இந்தத் தெரபி குறைக்காது. மருந்தும் பிசியோவும் அப்படியே தொடர வேண்டும்.

போவதற்கு முன் சில நாட்கள், எந்த நேரத்தில் என்ன செய்தார், அப்போது தெம்பு எப்படி இருந்தது என்று குறித்து வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று கேளுங்கள். முடியாது என்றால் குளியலறை, படிக்கட்டு, சமையலறையை வீடியோ எடுத்து, கதவின் அகலத்தையும் கட்டிலின் உயரத்தையும் அளந்துகொண்டு போங்கள். அப்புறம், நீங்களும் கூடவே இருங்கள். ஆனால் எது கஷ்டம் என்று அவர்கள் கேட்கும்போது உங்கள் மனைவியே பதில் சொல்லட்டும்.