திறன் பணியாளராகக் கனடாவுக்குக் குடிபெயர எந்த ஆவணத்தை முதலில் தொடங்குவது?

அடுத்தவர் கையில் இருப்பதை முதலில் தொடங்குங்கள். கையிருப்புப் பணத்தைக் காட்டும் வங்கிக் கடிதத்தைச் சீக்கிரம் வாங்கிவிடலாம். பழைய நிறுவனத்தின் அனுபவக் கடிதம் அப்படியில்லை. பலர் சிக்கிக்கொள்வதே இங்கேதான். “இன்னார் இங்கே மூன்று ஆண்டு வேலை செய்தார்” என்ற இரண்டு வரி போதாது. கனடா திறன் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ முறைக்கு அந்தக் கடிதத்தில் பதவி, செய்த பணிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என எல்லாம் இருக்க வேண்டும். பணிகளின் பட்டியலை நீங்களே எழுதிக் கொடுத்துக் கையெழுத்துக் கேளுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். நிறுவனமே மூடிவிட்டதா? சம்பளச் சீட்டு, வரிப் படிவம், பழைய மேலாளரின் கடிதம் இவற்றோடு ஒரு விளக்கக் கடிதமும் வையுங்கள்.

மொழித் தேர்வு முடிவு 2 ஆண்டும், கல்வித் தகுதி மதிப்பீடு (உங்கள் பட்டம் கனடாவில் எதற்கு இணை என்று காட்டும் அறிக்கை) 5 ஆண்டும் செல்லும். நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு வந்தபின், விண்ணப்பத்தை அனுப்பக் கையில் 60 நாள்தான். நீங்கள் முன்பு தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த வேறொரு நாட்டின் காவல்துறைச் சான்று தேவைப்பட்டால் அந்த அவகாசம் கரைந்துவிடும், முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

அப்புறம், பெயர். பட்டச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி எழுத்து இருந்தால், கல்வி மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன்பே சரி செய்துவிடுங்கள்.